முழவோர் வாழ்வும் ஊதியமும்: மதுரை வட்டாரத்தை முன்னிட்ட ஒரு வரலாற்று நோக்கு

தமிழிசை வரலாறு எழுதப் புகுந்த அறிஞர் பலரும் தோற்கருவிகளைப் பற்றி விரிவாகவே எழுதியுள்ளனர். சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் தோற்கருவிகளை நிரல்படக் கூறி, அவற்றை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு முதலாக வகுத்த பகுதி அவ்வாராய்ச்சிக்குப் பெருந்துணை ஆயிற்று. கருவியின் உடல் எம்மரத்தான் ஆயது, போர்வைத்தோல் எவ்விலங்கினது, எந்நிலத்துக்கு எப்பறை உரியது என்பன எல்லாம் நன்கு ஆராயப்பெற்றுள்ளன. ஆயின் அக்கருவியைக் கொட்டியவன் எங்ஙனம் உண்டான், அவன் மகனல்லாத ஒருவன் அத்தொழிலிற் புகுவதற்கு வழி இருந்ததா, அவனுக்குக் கூலி அளந்தவர் யார் என்னும் வினாக்கள் ஓரத்தே நின்றுவிட்டன. அவ்வினாக்களையே யாம் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

மதுரையின் மேற்கே, தேனிச் சாலை தொடங்கும் பக்கத்தில் உள்ளது காளவாசல். செங்கல்லும் சுண்ணாம்பும் சுடும் சூளைக்குக் காளவாய் என்றும் காளவாசல் என்றும் பெயர் உண்டு. நகரின் புறத்தே தொழிலாளர் வாழ்ந்த நிலப்பகுதியை அப்பெயரே காட்டிநிற்கின்றது. இதனை அடுத்த அரசரடியும், தெற்கே பசுமலையும், வடக்கே அலங்காநல்லூரும் இக்கட்டுரையில் இடம்பெறும். கோயிலும் மன்றமும் மட்டும் கொண்டு முழவோர் வரலாற்றை எழுதுதல் சாலாது; ஊர்ப்புறமும் உடன்வைத்து நோக்கற்பாலது என்பது எம் கருத்து.

சங்க இலக்கியத்தினின்று தொடங்குவாம். புறநானூற்று ஐம்பதாம் பாட்டின் வரலாறு யாவரும் அறிந்ததே. முரசினை நீராட்டக் கொண்டுசென்ற பொழுதில், வெறுமையாய்க் கிடந்த முரசுகட்டிலில் மோசிகீரனார் அறியாது துயின்றார். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை அவரை வாளால் தடியாது, கவரி கொண்டு வீசினான். இதனைப் புரவலன் பெருந்தகைமைக்குச் சான்றாகவே உரைப்பர். அது பொருந்துவதே. ஆயினும் வேறொன்றும் இதன்கண் உளது. முரசுக்குக் கட்டில் உண்டு, பூவுண்டு, நீராட்டு உண்டு. பிறர் அக்கட்டிலில் ஏறின் உயிருக்கே ஊறு உண்டு. அம்முரசினை அன்றாடம் அறைந்தவன் பெயரோ அவன் துயின்ற இடமோ எப்பாட்டிலும் இல்லை. கருவிக்குச் சிறப்பு, கருவியாளனுக்கு மறைவு என்னும் இம்முரண் பின்னைய காலமெங்கும் தொடர்வதனை மேலே காண்போம்.

அவன் வறுமையைக் காட்டும் சான்றுகள் பலவாம். பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் காட்டும் பொருநன் கை பட்டுக் கறையேறிய தடாரியை உடையவன். அவன் உடுத்த கந்தையோ வியர்வையில் நனைந்து, பேனும் ஈரும் குடியேறி, வேற்றிழை நுழைந்த தையலோடு கூடியது. கரிகாலன் அவனுக்குப் பட்டுடை நல்கி, பொற்றாமரை சூட்டி, நாற்குதிரை பூட்டிய தேரும் தந்து விடுத்தான் என்பது பாட்டு. இக்கொடையை நோக்கி வியப்பவர் ஒன்றை மறக்கலாகாது. ஆற்றுப்படை என்பதே வழியில் எதிர்ப்பட்ட மற்றொரு வறியவனுக்குக் கூறும் கூற்று. ஒருவன் தேர் பெற்றால், பெறாது வழிநடப்பவர் பலர் என்பது அவ்விலக்கிய வகையின் அமைப்பிலேயே பொதிந்துள்ளது. புறநானூற்றின் இறுதிப் பகுதியில் கடைநிலைத் துறைப் பாடல்கள் தொடர்ந்து வருவதும் நோக்குக. விடியற்பொழுதில் தலைவன் வாயிற்கண் நின்று கிணையினை இயக்கி, உள்ளிருந்து அழைப்பு வருங்காறும் காத்திருத்தலே அத்துறையின் பொருள். காத்திருத்தலுக்கு ஒரு துறையே வகுக்க வேண்டிய அளவுக்கு அது தொழிலின் பகுதியாய் இருந்தது என்க. மாங்குடி கிழார் பாடிய முந்நூற்று முப்பத்தைந்தாம் பாட்டில் துடி கொட்டுவோனும் பறை கொட்டுவோனும் சிறந்த குடிகள் நான்கனுள் வைத்து எண்ணப்பட்டமை உண்மையே. குடியின் பெருமையும் வயிற்றின் நிறைவும் ஒன்றல்ல.

சிலப்பதிகார அரங்கேற்று காதை தண்ணுமையோன் இலக்கணத்தை மிக நுட்பமாக உரைக்கின்றது. ஆடலும் பாடலும் தாளமும் மொழியும் அறிந்து, குழலும் யாழும் மிடறும் தத்தம் நிலையிற் கேட்குமாறு, குறை நேர்ந்தவிடத்து நிரப்பியும் மிகை தோன்றியவிடத்து அடக்கியும், தன் ஓசை மிகாமற் காப்பவனே அவன். ஏனையோர் சிறக்குமாறு தன்னை அடக்கிக்கொள்ளுதல் அவன் திறத்திற்கு அளவுகோல் ஆகின்றது. அரங்கேறி முடிந்ததும் மாதவி தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சும் பெற்றாள். தண்ணுமையோன் பெற்றது யாது என்பதை அடிகள் கூறிற்றிலர்.

இலக்கியம் கூறாததனைக் கல்வெட்டு ஓரளவு கூறும். முதலாம் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளுள் இரண்டு எம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதன. ஒன்று, திருப்பதியம் விண்ணப்பம் செய்வார் நாற்பத்தெண்மரும், உடுக்கை வாசிப்பான் ஒருவனும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனும் ஆக ஐம்பதின்மருக்கு நாடோறும் தலைக்கு முக்குறுணி நெல் அளக்க விடுத்த ஆணை. மற்றொன்று, தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்கும் அவரோடு தொடர்ந்த நட்டுவர், கருவியாளர் முதலியோர்க்கும் பங்கு வகுத்தது. ஒரு பங்கிற்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல்.

இவ்விரண்டினையும் ஒப்பிட்டுக் காண்போம். ஒரு கலம் பன்னிரு குறுணி. எனவே முக்குறுணி என்பது காற்கலம். முந்நூற்று அறுபத்தைந்து நாளைக்குக் கணக்கிடின் தொண்ணூற்று ஒன்றேகாற் கலம் ஆகும். ஆடுமகள் ஒருத்தியின் பங்கிற்கு இது சிறிதே குறைவு. இதனினும் கருதத்தக்கது, பதியம் பாடுவானுக்கும் மத்தளம் கொட்டுவானுக்கும் அளவு ஒன்றே என்பது. குரலுக்கு ஒரு விலையும் கைக்கு ஒரு விலையும் அங்கே இல்லை. இருபதாம் நூற்றாண்டின் இசை மன்றங்களில் பாடகர்க்கும் பக்கவாத்தியக்காரர்க்கும் இடையே அளிப்பில் இருந்த ஏற்றத்தாழ்வை அறிந்தவர் இவ்வளவினைக் கண்டு சிறிது நின்று சிந்திப்பர்.

எனினும் இவ்வாணையைப் பொற்காலத்தின் சான்றாகக் கொண்டாடுவதில் எமக்கு உடன்பாடில்லை. அதன்கண் மற்றொரு விதியும் உளது. ஐம்பதின்மருள் ஒருவன் இறந்தாலும் வேற்றுப்புலம் பெயர்ந்தாலும், அவனுக்கு அடுத்த முறையினை உடைய உறவினரே அந்நெல்லைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும். அவர் தகுதியிலராயின் தகுதியுடைய ஒருவரை அவரே அமர்த்த வேண்டும். உறவினரே இல்லாதவழி, எஞ்சிய பணியாளர் குழுவே தகுதியாளரைத் தேர்தல் வேண்டும். தகுதி என்னும் சொல் அவ்வாணையில் இருக்கின்றது, அது பாராட்டத்தக்கதே. ஆயின் தகுதியை ஆராய்வதற்குரிய வாயில் உறவின் கையிலும் குழுவின் கையிலும் இருந்தது. கைத்திறன் ஒன்றையே முதலாகக் கொண்டு வெளியிலிருந்து வந்த இளைஞன் ஒருவனுக்கு, ஓரிடம் காலியாகி, அதற்கு உறவும் இன்றி, குழுவும் இசைந்தால் அன்றி நுழைவு இல்லை. பணியிற் புகுந்தவனுக்குப் பாதுகாப்பு, புகாதவனுக்கு மதில். இரண்டும் ஒரே விதியின் இரு பக்கங்கள்.

இனி, மதிலுக்கு வெளியே இருந்தவர் நிலை வேறு. கொங்குநாட்டில் கம்மாளர்க்கு வழங்கப்பட்ட உரிமைகளைக் கூறும் கல்வெட்டொன்று, அவர்தம் வீட்டு நன்மைக்கும் தின்மைக்கும் இரட்டைச் சங்கு ஊதவும் பேரிகை முதலியன கொட்டுவிக்கவும் செருப்பணியவும் வீட்டுக்குச் சாந்திடவும் மன்னன் இசைவு தந்ததைத் தெரிவிக்கின்றது. இதனால் விளங்குவது யாது? தன் வீட்டில் முழவு ஒலிக்கப் பெறுதல் ஓர் உரிமை. அதற்கு மன்னன் ஓலை வேண்டும். அம்முழவினை ஒலித்தல் உரிமையன்று, அது கடமை. கொட்டுவிப்பவன் சிறப்படைந்தான், கொட்டுபவன் பிறப்பினாற் பிணிப்புண்டான்.

இவ்வேறுபாட்டைக் கருதாமையால்தான் பறையின் வரலாறு பல நூல்களிலும் பிழைபட எழுதப்பெறுகின்றது. பறை பண்டு பெருமை வாய்ந்தது, பின்னர் இழிந்தது என்று கூறி அமைவர். இழிந்தது கருவியன்று, ஊதியமே கேளாது கொட்ட வேண்டும் என்னும் ஊர்க்கட்டே இழிவின் ஊற்று. இறப்பு நேர்ந்த வீட்டிற்கு அழைத்தவுடன் சென்று இரவு முழுதும் கொட்டி, களத்தில் அளக்கும் ஒரு பங்கு தானியத்தையும் அவ்வப்போது இடும் உணவையும் பெற்று மீளுதலே முறையாக இருந்தது. அங்கே பேரம் இல்லை, மறுப்பும் இல்லை. தஞ்சைக் கோயிலில் வெளியான் நுழைய இயலவில்லை என்றால், ஊர்ச்சேரியில் உள்ளான் வெளியேற இயலவில்லை. கலைத்தொழிலின் கொடுமைகளை எண்ணுவோர் முன்னதையே பெரிதும் எண்ணுவர். யாம் பின்னதனையே கொடிதென்போம்.

இருபதாம் நூற்றாண்டில் பல ஊர்களிலும் பறையடிக்க மறுத்தல் ஒரு போராட்டமாகவே எழுந்தது. கருவியைக் கைவிடுதலே விடுதலை என்று கருதினோர் ஒருசாரார். கருவியைக் கைவிடாது, கட்டாயத்தை மட்டும் கைவிட வேண்டும் என்றனர் மற்றொரு சாரார். இவ்விரண்டாம் கருத்து வலுப்பெற்ற இடங்களுள் ஒன்று காளவாசலை அடுத்த அரசரடியே. 1969-இல் அங்கு அமைந்த தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005) நாட்டுப்புற இசையையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொணர்ந்தார். சாவுக்கு உரியது என ஒதுக்கிய ஓசை திருமுன் ஒலிக்கலாமா என்னும் தடை எழாமல் இல்லை. அத்தடைக்கு விடையாக அமைந்தது அவர் தொகுத்த பாடல்களும் பயிற்றிய மாணவர்களும்தாம். அலங்காநல்லூரைச் சார்ந்த பறையிசை ஆசான் வேலு 2025-இல் பத்மஶ்ரீ விருது பெற்றமை இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. விருது பெற்ற கருவியை ஏந்திச் செல்லும் இளைஞன் இறப்பு வீட்டில் இன்றும் கூலி பேசியே நிற்கின்றான்; ஆயின் பேசுகின்றான் என்பதே பழைய நிலைக்கும் இன்றைய நிலைக்கும் உள்ள வேற்றுமை.

நிற்க, இசைமன்றங்களின் பக்கம் செல்வாம். அரசும் கோயிலும் புரந்த நிலை மாறி, சீட்டு வாங்கி வந்து கேட்போர் புரக்கும் நிலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாயிற்று. பிறப்பு வாயில் இங்கே ஓரளவு தளர்ந்தது. அதன் இடத்தில் வேறு வாயில்கள் எழுந்தன. பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) வாழ்க்கை இதற்குத் தெளிவான சான்று. தவிலும் கஞ்சிராவும் வல்ல முத்தையா பிள்ளையின் மகன் அவர். குலவாயிலும் குருவாயிலும் அவருக்குத் திறந்தே இருந்தன. குறை ஒன்றே: அவர் இடக்கையர். மிருதங்கத்தின் வலந்தலை அவையோரை நோக்கி இருத்தல் மேடை மரபு. இடக்கையர் எதிர்ப்பக்கம் அமர்ந்தாலன்றி அது கூடாது. அவர் எதிர்ப்பக்கம் அமரின் வயலின் வாசிப்பவர் தம் வழக்கமான இடத்தை விட்டு மாற வேண்டும். அதற்கு இசைவோர் சிலரே. கையின் திறத்தில் ஐயமில்லாத ஒருவர், இருக்கை ஒன்றன் பொருட்டுப் பல்லாண்டு வாய்ப்பு இன்றிக் காத்திருந்தார். செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை விரும்பி உடனழைத்த பின்னரே நிலை மாறியது. முன்னணிப் பாடகர் ஒருவர் உள்ளம் வைத்தாலன்றி முழவோனுக்கு மேடை இல்லை என்பதனை இது காட்டுகின்றது. கடைநிலைத் துறை மறைந்துவிடவில்லை, வாயில்தான் மாறிற்று.

பெண்டிர்க்கு அவ்வாயிலும் இல்லை. புதுக்கோட்டைத் தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் பயின்ற திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் மிருதங்கம் வாசித்த முன்னோடி. அவர் பெயர் இன்றும் அரிதிற் கேட்கப்படுவது. பாலக்காடு மணி ஐயர் (1912–1981) பாடும் பெண்டிர்க்கே நெடுங்காலம் வாசியாதிருந்து, பின்னர் டி. கே. பட்டம்மாளுக்கு வாசிக்கத் தொடங்கியதும் ஒரு திருப்பமாகக் கருதப்பட்டது. சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு முதன்முதல் 1966-இல்தான் வழங்கப்பெற்றது. பெற்றவர் மணி ஐயரே. அகாதெமி தோன்றியது 1928-இல் என்பதனை உடன்வைத்துக் காண்க. தனி ஆவர்த்தனம் தொடங்கியவுடன் அவையினர் சிலர் காப்பி அருந்த எழுந்துசெல்லும் வழக்கத்தை நகைச்சுவையாகப் பேசுவர். வாசிப்பவன் இருக்கையிலிருந்து பார்த்தால் அது நகைச்சுவையன்று.

மற்றும் ஒரு செலவு உண்டு. அதனை எழுதியோர் குறைவு. பாடகனுக்கு மிடறு முதல். வயலினுக்கு நரம்பு மாற்றினால் அமையும். மிருதங்கம் வாசிப்பவனுக்கோ வலந்தலை தேய்ந்தால் புதிய மூட்டு வேண்டும். சோறு கெட்டால் மீண்டும் இட வேண்டும். வெயிலிலும் மழையிலும் சுருதி கலையும். வெவ்வேறு சுருதிக்கு வெவ்வேறு கருவி வேண்டும். இச்செலவு எல்லாம் அவனுடையதே. மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோலைத் தேர்ந்து பதமறிந்து மூட்டு முடையும் கைவினைஞர் தஞ்சை முதலிய ஊர்களில் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குடியினரே. அவருடைய செவி இன்றேல் எம்மேதையின் விரலும் ஓசை எழுப்பாது. டி. எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட நூல் அவர்கள் பெயரையும் பணியையும் விரிவாகப் பதிவு செய்ததனால், இசை வரலாற்றின் பெரியதொரு வெற்றிடம் நிரம்பத் தொடங்கியுள்ளது. முழவோன் மேடையில் பாடகனுக்குப் பின்னிற்பவன் எனின், முழவு செய்வோன் மேடைக்கே வாராதவன்.

மதுரையில் முழவுத்தொழிலின் உண்மை நிலையை அறிய விரும்புவோர் சபைகளைவிட நாடக மேடையையும் திருவிழாவையுமே பெரிதும் நோக்குதல் வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மரபில் வந்த ஸ்பெஷல் நாடகங்களுக்கு மதுரையே தலைமையிடம். அந்நாடகங்களில் நிலையான குழு இல்லை, ஒத்திகையும் இல்லை. நடிகரும் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் ஆல்ரவுண்டு எனப்படும் பல்கருவியாளரும் ஓர் இரவுக்குத் தனித்தனியே பேசப்பெற்று, ஏதோ ஓர் ஊரில் இரவு பத்து மணி அளவில் ஒருங்கு கூடி, விடியும் வரை நடத்திப் பிரிவர். எந்நாடகத்தில் எக்கட்டத்தில் எந்நடை வரும் என்பதனை மிருதங்கக்காரன் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். பபூன் அவனை நோக்கிப் பேசும் நகைச்சுவைக்கு விடையும் கூற வேண்டும். விடிந்தால் அவ்விரவின் கூலி கையில். அடுத்த இரவு யார் அழைப்பர் என்பது நாட்குறிப்பேட்டைப் பொறுத்தது. நாட்குறிப்பேடு நிறைந்தவனே கலைஞன்.

நையாண்டி மேளத்தார் நிலையும் இதனையே ஒத்தது. நாதசுரம், தவில், பம்பை, தமுக்கு இவற்றோடு கூடிய அக்குழுக்கள் தைம்முதல் ஆடி முடிய உள்ள திருவிழாப் பருவத்தை நம்பி வாழ்வன. ஆறேழு திங்களில் ஈட்டியதனைப் பன்னிரு திங்களுக்கும் பகிர வேண்டும். மழைக்காலத்தில் கடன், பருவம் பிறந்தால் கடனடைப்பு. தவில் வாசிப்பவன் வலக்கை விரல்களில் மாவுப்பசையாற் செய்த கடிய கூடு அணிந்து, இடக்கையிற் கழி பற்றி, பல நாழிகை நின்றும் நடந்தும் வாசிக்கின்றான். மூப்பு அவ்வுடலை விரைந்து பற்றுகின்றது. இப்பருவப் பிழைப்பு எத்துணை மெலிந்த நூலில் தொங்கியது என்பது 2020-இல் விளங்கிற்று. தொற்றுநோயால் அவ்வாண்டு சித்திரைத் திருவிழா நடைபெறவில்லை. மீனாட்சி திருக்கல்யாணம் மட்டும் மே 4-ஆம் நாள் சிவாசாரியார் சிலரோடு கோயிலுள்ளே நிகழ்ந்தது. அழகர் ஆற்றில் இறங்கவில்லை. பங்குனியும் சித்திரையும் வைகாசியும் ஒருங்கே போனபின் எஞ்சிய பருவம் யாது? நாட்டுப்புறக் கலைஞர்க்கென 2007-இல் அமைந்த நலவாரியத்தில் பெயர் பதிந்தோர்க்கு அரசின் சிற்றுதவி கிடைத்தது, பதியாதோர் பலர்.

வேற்று மேளங்களின் வரவும் கருதற்பாலது. அண்மைக் காலத்தில் மதுரை வட்டாரத் திருமண ஊர்வலங்களில் கேரளத்துச் செண்டை மேளம் பெருவழக்காயிற்று. இதனைப் பண்பாட்டுக் கேடென்று சிலர் வருந்துவர். கேட்போர் புதுமையை விரும்புதல் இயல்பே. யாம் அதனைக் குறைகூற முற்படவில்லை. குழுவாக ஒரே உடையணிந்து, ஒருங்கே பேரம் பேசி, முன்பணம் பெற்ற பின்னரே வருகின்ற அவர் முறையை நம்மூர் மேளத்தார் கைக்கொள்ள இயலாமற் செய்தது யாது என்பதே வினவத்தக்கது. திரைப்படக் கூடங்களிலும் 1980-களின் இறுதிமுதல் மின்னணுத் தாளக்கருவி பரவியபின், பதின்மர் செய்த பணியை ஒருவர் விசைப்பலகையில் முடிக்கும் நிலை வந்தது. சென்னைக்குச் சென்றால் பிழைக்கலாம் என்று தேனிச் சாலை வழியே கருவியோடு பேருந்தேறிய தலைமுறைக்கு அவ்வழி குறுகிற்று.

இறுதியாகக் கோயிலுக்கே மீள்வோம். இசைப்பணி முதலிய ஊழியங்களுக்கென விடப்பெற்ற நிலங்களின் நிலை 1963-ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்தால் மாறிற்று. 1970-இல் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த அறநிலையத் திருத்தச் சட்டம், கோயிற் பணியில் அடுத்த வாரிசு என்னும் ஒன்றனையே கொண்டு எவரும் உரிமை கோரலாகாது என்றது. 1972 மார்ச்சு 14-ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது. அர்ச்சகர் உரிமை பற்றிய வழக்காகவே இதனை யாவரும் பேசுவர். ஆயின் அச்சட்டம் மேளக்காரர்க்கும் பொருந்தும். இராசராசன் கல்லில் வெட்டிய வாரிசு விதி ஏறத்தாழத் தொள்ளாயிரத்தைம்பது ஆண்டுகட்குப் பின் சட்ட அளவில் நீங்கியது. பசுமலையில் உள்ள அரசு இசைக் கல்லூரியில் இன்று எக்குடிப் பிறந்த இளைஞனும் நங்கையும் தாளக்கருவி பயிலலாம்.

பயின்று வெளிவருவோர் கோயிலை நோக்கின் அங்கே வேறொரு பணியாளர் அமர்ந்திருக்கக் காண்பர். முரசும் மணியும் தாளமும் ஒரே இரும்புச் சட்டத்தில் பொருத்தப்பெற்று, தீபாராதனைக்குப் பொத்தானை அழுத்தியவுடன் தானே கொட்டும் மின்மேளம் பல சிறு கோயில்களிலும் இடம்பெற்றுள்ளது. அதற்கு நாடோறும் முக்குறுணி வேண்டா. அது வந்த கோயில்களில் மேளப்பணியிடம் ஒழிந்தவிடத்து எவ்வளவு ஒழிந்தது, எஞ்சிய இடங்களுக்கு எத்துணை ஊதியம் என்பவற்றை ஊர்தோறும் சென்று தொகுத்தல் முதுகலை மாணவர் எளிதில் மேற்கொள்ளத்தக்க பணி. காளவாசலிலிருந்து மேற்கே விராட்டிப்பத்து வரை உள்ள கோயில்களில் தொடங்கினும் போதும்.